களி இருக்கிறது, மொச்சை எங்கே?

2023 மே மாதம் எங்கள் மாவட்ட ரேஷன் கடைகளில் ஒரு புதுச் சாக்கு வந்து இறங்கியது. தர்மபுரி, நீலகிரி என்று இரண்டே மாவட்டங்களில், 2 கிலோ அரிசியைக் கழித்துக்கொண்டு அதற்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருந்தது. அந்த ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று வேறு கொண்டாடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெரிசுகள் முகத்தில் ஒரு நக்கல் சிரிப்பு. எந்த ராகியை ஏழை சோறு என்று ஒதுக்கிவிட்டு அரிசிக்கு மாறினார்களோ, அதே ராகி இப்போது சத்துணவு என்று பட்டம் கட்டிக்கொண்டு வருகிறது.

மாறியதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். விருந்தாளி வந்தால் அரிசி, மற்ற நாளில் களி. 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைத்தபோது, காலமெல்லாம் களி கிண்டிக் கை காய்த்துப்போன பெண்கள் அதை விட்டுத் தள்ளியதில் என்ன ஆச்சரியம்?

இந்தப் பதிவு எழுதக் காரணம், சமீப காலமாக எனக்கு வரும் கேள்விகள். "தாவர உணவுக்கு மாறப் போறேன், என்ன வாங்கணும்?" என்று கேட்கிறார்கள். யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் கையில் பட்டியலே தயாராக இருக்கிறது: ஓட்ஸ், கினோவா, பாதாம் பால், அவகாடோ, சியா விதை. மாதச் சம்பளத்தில் கால்வாசி போய்விடும். தர்மபுரிக்காரன் என்ற உரிமையில் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். இந்த மானாவாரி மண்ணின் பழைய சமையலே முக்கால்வாசி தாவர உணவுதான். ஆனால் அதில் ராகியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். நன்மை ராகியில் மட்டும் இல்லை, அதோடு சேர்ந்து வந்த கூட்டத்தில் இருக்கிறது.

நாங்கள் சைவம் இல்லை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். தர்மபுரி ஒன்றும் சைவ ஊர் கிடையாது. மாரியம்மன் பண்டிகைக்குக் கெடா வெட்டு, ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி, ஒகேனக்கல் போனால் பரிசல் ஏறும் முன்பே மீன் வறுவலுக்குச் சொல்லிவிடுவது, எல்லாம் உண்டு. கருவாட்டுக் குழம்புக்குக் களி அமைந்த மாதிரி வேறு எதுவும் அமையாது என்று சத்தியம் செய்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் வாரத்தின் மற்ற நாட்களில் தட்டில் இருந்தது தானியம், பயறு, கீரை, காய்தான். கறி என்பது எப்போதாவது வருவது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் 'தாவரம் சார்ந்த உணவு' என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். தட்டின் பெரும்பகுதி செடி கொடியிலிருந்து வரட்டும், மிச்சம் கொஞ்சம் எதுவாகவும் இருக்கட்டும். முழு வீகன் ஆவது என்பது வேறு முடிவு. அதற்கு நான் எதிரி இல்லை, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரு காட்டுக்குள் ஒரு சமையலறை

ஆடியில் மழை பிடித்ததும் மேட்டுக்காட்டில் ராகி விதைப்பார்கள். ராகி மட்டும் விதைப்பதில்லை. நடுநடுவே சால் விட்டு அவரை, துவரை போடுவார்கள். ஓரத்தில் எள்ளோ கடுகோ இருக்கும். ராகி அறுத்து முடித்த பிறகும் அவரைக் கொடி படர்ந்து நிற்கும். மார்கழி, தை மாதத்தில் அதிலிருந்து பச்சை மொச்சை வந்து குவியும். ஈரம் குறைந்த கடைசிக் காட்டில் கொள்ளு. களை எடுக்கும்போதே மடியில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் சேர்ந்துவிடும். வேலியோரம் முருங்கை, பாதையோரம் புளியமரம், மலையடிவாரத்தில் நெல்லி. சித்தேரி மலைப்பக்கம் போனால் ராகிக்குப் பதில் சாமை.

இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு மழை பொய்த்தாலும் ஏதாவது ஒன்று கைக்கு வரட்டும் என்ற விவசாயிக் கணக்கு அது. பயறுச் செடியின் வேரில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குச் சேர்க்கும் என்பதும் அனுபவத்தில் தெரிந்த லாபம். அந்தக் கணக்கு அப்படியே சாப்பாட்டுக்கும் பொருந்திப் போனதுதான் விசேஷம்.

களி கிண்டுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பானையில் தண்ணீர் கொதித்ததும் உப்பும் ஒரு கைப்பிடி அரிசி நொய்யும் போடுவார்கள். நொய் வெந்து கஞ்சிப் பதம் வந்தவுடன் ராகி மாவை அப்படியே குவியலாகக் கொட்டி, நடுவில் கட்டையால் ஒரு குழி போட்டு, கலக்காமல் விட்டுவிட வேண்டும். குழி வழியாகக் கொதி மேலே வந்து மாவைச் சுற்றி வேகவைக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டுக் கிண்டினால் உள்ளே மாவுக்கட்டி நிற்கும். பிறகு பானையை இறக்கி, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். தோள் வலிக்கும். கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு மாவைத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டினால் மினுமினுவென்று கறுத்த உருண்டை.

தின்பதற்கும் ஒரு முறை உண்டு. சின்னதாகக் கிள்ளி, கட்டை விரலால் ஒரு பள்ளம் வைத்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். ஆகவே குழம்பு இல்லாமல் களி உள்ளே போகாது. தையில் பிதுக்கம்பருப்புக் குழம்பு: ராத்திரியே ஊறவைத்த மொச்சையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிப் பாத்திரத்தில் விழும். மற்ற நாட்களில் கொள்ளுக் கடைசல், கீரைக் கடைசல், துவரைக் குழம்பு. களிக்கு இவை துணைக்கறி என்று நினைத்தோம். சத்துக் கணக்கில் பார்த்தால் இவைதான் முதல் வரிசை.

எப்படி என்கிறீர்களா? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் ராகியில் புரதம் சுமார் 7 கிராம். வெள்ளை அரிசியில் அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய 8 கிராம்! ராகி சாப்பிட்டால் புரதம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். ராகி ஜெயிப்பது நார்ச்சத்திலும் கால்சியத்திலும். நார்ச்சத்து 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம், வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட வராது. புரதத்துக்கு நாம் போக வேண்டிய இடம் பயறு. கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம், காய்ந்த மொச்சையில் 20 கிராம் அளவு.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். களியையும் ரசத்தையும் மட்டும் வைத்து அந்தக் கணக்கை முடிக்க முடியாது. அதோடு, தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைச்சல், பயறில் மெத்தியோனைன் குறைச்சல். இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று அடைத்துவிடும். களியும் மொச்சையும் ஒரே தட்டில் வந்ததன் பலன் இதுதான்.

சுகர் ஏன் இறங்கவில்லை?

பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் என் அத்தைக்குச் சர்க்கரை நோய். போன தடவை போனபோது ஒரே புலம்பல்.

"அரிசியே தொடறதில்ல கண்ணு. மூணு வேளையும் களிதான். அப்பவும் சுகர் எறங்க மாட்டேங்குதே?"

"ஒரு வேளைக்கு எத்தன உருண்ட அத்தை?"

"காட்டு வேல செஞ்ச காலத்துல ரெண்டு. இப்பவும் அதே ரெண்டுதான்."

"தொட்டுக்க என்ன?"

"தக்காளியப் போட்டு ஒரு தண்ணிக் கொழம்பு. ஒரு ஆளுக்கு என்னத்த பெருசா ஆக்கறது?"

"மொச்சை, கொள்ளு ஒண்ணும் இல்லியா? காட்டுல போடுவீங்களே?"

"இப்ப யாரு போடறாங்க? மிஷின் வெச்சு அறுக்கறாங்க. நடுவுல அவரக் கொடி நின்னா மிஷின் ஓடாதாம்."

இந்த நாலு வரிப் பேச்சில் முழு விஷயமும் இருக்கிறது. உடல் உழைப்பு போய்விட்டது, உருண்டை குறையவில்லை, பயறு தட்டை விட்டே போய்விட்டது.

அத்தைக்கு மட்டும் நடப்பது இல்லை இது. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் சொன்னது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது அதில் ஒரு சேதி. இன்னொன்று நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசியையும் மைதாவையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைத்தால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதம் வந்தால் குறைந்தது.

அப்படியானால் சிறுதானியம் சர்க்கரைக்கு நல்லது என்று சொன்னதெல்லாம் பொய்யா? இல்லை. ஹைதராபாத் அருகே இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் 2021-ல் 65 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சிறுதானியத்தைத் தொடர்ந்து சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்று அளவு சுமார் 12 சதவீதமும் சாப்பிட்ட பிறகான அளவு சுமார் 15 சதவீதமும் குறைந்ததாக அது சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நான் புரிந்துகொள்வது இதுதான்: ராகியும் சாமையும் அரிசியைவிட மேல், ஆனால் அளவில்லாமல் சாப்பிட அவை மருந்து இல்லை. அதிலும் ராகியை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். முழுத் தானியமாக வேகவைக்கும் சாமைச் சோறும், கூடவே பயறும் கீரையும் வைத்துச் சாப்பிடும் ஒற்றை உருண்டைக் களியும் மெதுவாக ஏற்றும். நாரும் புரதமும் சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சீக்கிரம் பசிக்காது.

பல்லில் காவி, எலும்பில் வலி

தர்மபுரியில் இருந்துகொண்டு உடல்நலம் பேசுகிறவன் ஃப்ளூரைடைப் பேசாமல் போனால் அது ஏமாற்று. எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறும் போர்வெல்லும் இங்கே ஏராளம். குழந்தைகள் பல்லில் காவிக் கறை, நாற்பது வயதிலேயே குனிய முடியாத முதுகு, மடக்க முடியாத முழங்கால். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம், 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு.

இந்த நோய்க்கு முதல் மருந்து நல்ல தண்ணீர்தான். எந்தச் சாப்பாடும் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் சாப்பாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. குடலில் கால்சியம் இருந்தால் அது ஃப்ளூரைடைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் போவது குறையும். கால்சியமும் வைட்டமின் சி-யும் உள்ள உணவைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அரசின் ஃப்ளூரோசிஸ் தடுப்புத் திட்டமே அறிவுறுத்துகிறது. 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு மாட்டுப்பாலில் சுமார் 120, வெள்ளை அரிசியில் 10 கூட இல்லை. வேலியோர முருங்கைக்கீரையிலும் 300-க்கு மேல்.

புளி விஷயம் இன்னும் சுவாரசியம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பள்ளிப் பையன்களுக்குத் தினம் 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் வழியாக ஃப்ளூரைடு கூடுதலாக வெளியேறியது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் புளிக்குக் கோயில் கட்ட வேண்டாம். ஆனாலும் மாசி, பங்குனியில் எங்கள் ஊர்த் தெருவில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, கோது உரித்து, கொட்டை தட்டிக்கொண்டிருப்பார்கள். ஃப்ளூரைடு மண்ணிலேயே புளியும் ராகியும் முருங்கையும் செழித்து வளர்கின்றன. அவற்றை எங்கள் ஊர்க்காரர்களே விற்றுவிட்டு, டீயும் பன்னும் சாப்பிட்டுப் பொழுதை ஓட்டுவதுதான் எனக்கு ஆற்றாமை.

எலும்பு என்றதும் வீகன் நண்பர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் சுமார் 55,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-ல் ஒரு முடிவு சொன்னார்கள். கறி சாப்பிடுபவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம். உடல் எடை குறைவு, கால்சியமும் புரதமும் குறைவாகச் சாப்பிடுவது ஆகியவை இதற்குக் காரணங்களில் சில. அதே குழுவின் 2019 ஆய்வில் சைவக்காரர்களுக்கு மாரடைப்பு வகை இதய நோய் 22 சதவீதம் குறைவாகவும், பக்கவாதம் 20 சதவீதம் அதிகமாகவும் இருந்தது. தாவர உணவு என்றாலே எல்லாம் நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பால் பொருளை விடுகிறவர் தட்டில் ராகி, எள், கீரை, பயறு நிச்சயம் இருக்க வேண்டும்.

அதியமான் கனியும் இரத்தச் சோகையும்

தகடூரை ஆண்ட அதியமான், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த கதை தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. அந்தக் கனி ஆயுளை நீட்டியதோ இல்லையோ, இன்றைக்கு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது நிச்சயம் தேவை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் இரத்தச் சோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. தாவரத்தில் இரும்புச்சத்து உண்டு. ராகியில் இருக்கிறது, கொள்ளில் அதைவிட நிறைய இருக்கிறது, கீரையிலும் இருக்கிறது. ஆனால் கறியில் இருக்கும் இரும்பு சுலபமாக உடம்பில் சேரும், தாவர இரும்பு சுலபத்தில் சேராது. தானியத்திலும் பயறிலும் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதற்கு மூன்று வழி உண்டு, மூன்றும் செலவில்லாதவை. ஒன்று, முளை கட்டுவது. முளைவிட்ட ராகியிலும் பயறிலும் அந்த அமிலம் குறையும். குழந்தைக்கு முளைகட்டிய ராகியைக் காயவைத்து அரைத்துக் கூழ் காய்ச்சும் பாட்டிகளுக்கு வேதியியல் தெரியாது, பலன் தெரியும். இரண்டு, புளிக்க வைப்பது. முதல் நாள் கரைத்து வைத்துக் காய்ச்சும் கூழில் நடப்பது அதுதான். மூன்று, சாப்பாட்டோடு வைட்டமின் சி. ஒரு நெல்லிக்காய், இல்லாவிட்டால் கீரையில் பிழிந்த எலுமிச்சை, இல்லாவிட்டால் ஒரு கொய்யாத் துண்டு. நெல்லியில் 100 கிராமுக்கு 250 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஒரு காய் சாப்பாட்டோடு போனால் இரும்பு சேர்வது கூடும்.

அதே சமயம் சாப்பிட்டு முடித்த கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். டீயில் இருக்கும் டானின் இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்கே செய்யலாம்.

பரோட்டாவும் செடிதான்

தாவர உணவு என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றும். மைதா பரோட்டா, வெள்ளைச் சர்க்கரை, பாமாயிலில் பொரித்த சிப்ஸ், பேக்கரி தேங்காய் பன், பாட்டில் ஜூஸ், எல்லாமே செடி கொடியிலிருந்து வந்தவைதான். அமெரிக்காவில் இரண்டு லட்சம் மருத்துவத் துறை ஊழியர்களைக் கவனித்து 2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. முழுத் தானியம், பயறு, காய், பழம், கொட்டை வகை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் ஆபத்து சுமார் 25 சதவீதம் குறைவு. தீட்டிய மாவு, இனிப்பு, உருளை வறுவல் என்று சாப்பிட்ட 'தாவர' ஆட்களுக்கோ சுமார் 32 சதவீதம் அதிகம். கறி தொடாமலேயே இதயத்தைக் கெடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காலையில் சாப்பிடுவது டீயும் பன்னும், ராத்திரி பரோட்டா. ஊரில் பாலக்கோட்டுத் தக்காளி விலை போகாமல் சில சமயம் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும், அதே ரோட்டில் பாக்கெட் சிப்ஸ் விற்பனை அமோகமாக நடக்கும்.

முழுசாகப் பாலும் முட்டையும் விட முடிவெடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வைட்டமின் பி12 செடி கொடியில் நம்பிக்கையாகக் கிடைக்காது. பி12 மாத்திரையோ அது சேர்த்த உணவோ கட்டாயம். அது குறைந்தால் கை கால் மரத்துப் போவது, மறதி, சோகை என்று மெல்ல வரும், தாமதித்தால் நரம்புச் சேதம் திரும்பாமலும் போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறையும் கீரையையும் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர்கள் தட்டை மாற்றும்போது மருந்தளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். உப்பையும் மறக்காதீர்கள். கூழுக்கு மோர் மிளகாயும் ஊறுகாயும் கருவாடும் கூட்டணி சேர்ந்தால் ஒரு நாளைக்குச் சொல்லியிருக்கும் 5 கிராம் உப்பு காலையிலேயே தீர்ந்துவிடும்.

சரி, என்னதான் சாப்பிடுவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. காய், கீரை, பழம், கிழங்கு எல்லாம் சேர்ந்து தட்டில் பாதியை நிரப்ப வேண்டும். அதை எங்கள் ஊர்ச் சமையலுக்கு நான் இப்படி இறக்கிக்கொள்கிறேன்.

காலையில் புளித்த ராகிக் கூழ் ஒரு டம்ளர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். கூழ் மட்டும் குடித்துவிட்டு ஓடாதீர்கள். மதியம் ஒரே ஒரு உருண்டைக் களி, இல்லாவிட்டால் அளவாகச் சாமைச் சோறு. அதற்கு மொச்சையோ கொள்ளோ துவரையோ கெட்டியாக, கரண்டியில் எடுத்தால் பயறு தெரிகிற மாதிரி. ஒரு கீரை, ஒரு காய், ஒரு நெல்லிக்காய். சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ராத்திரி தானியம் இன்னும் கொஞ்சம் குறைவாக. பால், மோர், முட்டை, வாரம் ஒரு நாள் மீன் என்பதெல்லாம் உங்கள் வழக்கம், உங்கள் விருப்பம்.

கொள்ளு என்றால் குதிரைக்குப் போடுவது என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து மாவட்டத்துப் பையூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக் காட்டுக்கென்றே பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்களை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. தண்ணீர் இல்லாத காட்டில் வருகிற பயிர், உரமும் பெரிதாகக் கேட்காது. ராகிக்கு அரசு ஆதரவு விலை ஏறிக்கொண்டே போகிறது, 2023-24-ல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய், 2025-26-ல் 4,886 ரூபாய். கொள்முதல் நிலையங்களும் திறக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் விலை ராகிக்கு மட்டும் கிடைத்தால் விவசாயி ராகியை மட்டும்தான் போடுவார். நடுவில் நின்ற அவரையும் துவரையும் காணாமல் போகும். போய்க்கொண்டும் இருக்கிறது.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். ரேஷனில் ராகி கொடுத்தது நல்ல தொடக்கம், அதோடு கொள்ளும் மொச்சையும் இந்த மண்ணிலிருந்தே வாங்கிக் கொடுங்கள். துவரம்பருப்பு தருகிறீர்கள், பக்கத்துக் காட்டில் விளைவதற்கும் ஓர் இடம் வேண்டும். ஊடுபயிர் போடுகிறவருக்கு ஒரு ஊக்கத்தொகை இருந்தால் அது சுகாதாரத் துறைக்கும் சேர்த்துத்தான்.

வாசிக்கிற உங்களுக்கு ஒன்று. அடுத்த தடவை உழவர் சந்தைக்குப் போகும்போது ராகி மாவு வாங்குவதற்கு முன் அரை கிலோ கொள்ளும் அரை கிலோ மொச்சையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். களி ஒரு உருண்டை குறையட்டும், குழம்பில் பயறு ஒரு கரண்டி கூடட்டும். உங்கள் ஊர்ப் பக்கம் களிக்கும் கூழுக்கும் என்ன துணை வைப்பீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.